கெமிஸ்ட்ரி நேரம்

என் தங்கத்துக்கு,

படிக்கும்போது யாரும் கதவைத் தட்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறாய். அதனால்தான் இதைக் கதவடியில் தள்ளுகிறேன்.

நுழைவுத் தேர்வுக்கு நீ போட்ட அட்டவணைப்படிதான் இப்போது வீடே நடக்கிறது. குக்கர் விசிலடிக்கும் முன்பே அடுப்பை அணைத்துவிடுகிறேன். மர மில்லில் வேலை முடிந்து வரும் உன் அப்பாவும், வீட்டில் இருந்தவரை, இருமல் வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடுவார். "பாப்பாவுக்குக் கணக்கு நேரம்" என்பார்.

நேற்றுச் சாப்பிடும்போது, "அப்பா வெளியூர் போனதுலேர்ந்து வீடு அமைதியா இருக்கும்மா, படிப்பு நல்லா ஓடுது" என்றாய்.

அவர் வெளியூர் போகவில்லை. அப்படிச் சொல்லச் சொன்னதே அவர்தான். ஆஸ்பத்திரியில் சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் பார்க்க விடுகிறார்கள். நான் போய்க் கட்டிலருகே உட்கார்ந்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "இந்நேரம் அவளுக்கு கெமிஸ்ட்ரிதானே?" என்று கேட்பார். மூச்சு வாங்கும், ஆனாலும் கேட்பார்.

இன்று டாக்டர் என்னைத் தனியாக அழைத்துப் பேசினார். அதை எழுதக் கை வரவில்லை.

நாளைக்கு கெமிஸ்ட்ரியை விட்டுவிட்டு என்னோடு வா, கண்ணு. தேர்வு அடுத்த வருடமும் வரும்.

அம்மா