பாக்கியத்துக்கு எழுதாத ஒரு வரி

1952 ஜூன் 3, செவ்வாய்

காற்று. சாரல் தென்காசியோடு நின்றுவிட்டது. இங்கே மண் மட்டும் வருகிறது. ஸ்கூல் திறந்து இரண்டாம் நாள். சாக்பீஸ் இல்லை. இரண்டு பெஞ்சுக்குக் கால் இல்லை.

மத்தியானம் பாக்கியம் வந்தாள். எட்டாவது வரை என்னிடம் படித்தவள். கரிவலம் ரோட்டில், ஊருக்கு வெளியே வீடு. டிரெயினிங் முடித்து ஒரு வருஷமாகச் சும்மா இருக்கிறாள். ஷெட்யூல்டு வகுப்புக்கென்று ஒதுக்கிய டீச்சர் வேலை ஒன்று, எங்கள் பள்ளிகளை நடத்தும் போர்டில் காலி. மனுப் போட்டவர்களில் டிரெயினிங் உள்ளவள் இவள் ஒருத்திதான். ஆனாலும் நிறுத்தி வைத்துவிட்டார்களாம்.

காரணம் நான் கொடுத்த நன்னடத்தைச் சான்றிதழ். 'ஞாயிறு வேதபாட வகுப்புக்குத் தவறாமல் வருபவள், கர்த்தருக்குப் பயந்தவள்.' பெருமையாக எழுதினேன். கிறிஸ்தவர்களுக்கு அந்த இடம் கிடையாது என்று சர்க்கார் உத்தரவு. எனக்குத் தெரியும். எழுதும்போது நினைவில்லை.

ஞானஸ்நானம் அவள் வாங்கவில்லை. நான் கேட்காத வருஷம் இல்லை. அப்பா சம்மதிக்க மாட்டார் டீச்சர் என்பாள்.

'இவள் கிறிஸ்தவள் அல்ல.' இப்படி ஒரு வரி, திங்கள்கிழமைக்குள் வேண்டுமாம். பிறகு வா என்றேன்.

ஜூன் 4, புதன்

சாக்பீஸ் கேட்டு போர்டு ஆபீஸ். வாசலில் பாக்கியம் நிற்கிறாள். குமாஸ்தா அவளுக்குக் கேட்கும்படியே:

"வாங்க டீச்சரம்மா. ஒங்க பிள்ளை இங்கன வந்தா இந்து, அங்கன வந்தா வேதக்காரி. ஏட்டி, கஞ்சி ஊத்துத பக்கமெல்லாம் ஒனக்குச் சாமியா?"

நாலு பேர் சிரித்தார்கள். என் உதடும் விரிந்தது. பாக்கியம் அதைப் பார்த்தாள்.

ஆள் அமையாவிட்டால் 'தகுதியானவர் இல்லை' என்று எழுதிப் பொது இடமாக்கிவிடுவார்களாம். போர்டு தலைவரின் மைத்துனி காத்திருக்கிறாள். குமாஸ்தா இதை ஒளிக்கக்கூட இல்லை.

சாக்பீஸ் கிடைக்கவில்லை.

ஜூன் 6, வெள்ளி

மறுபடி வந்தாள். தலைவலி என்று சொல்லி அனுப்பினேன்.

பேனா ஓடவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். பேனாவை எடுக்கவேயில்லை. ஜன்னலுக்குத் திரை தைத்தேன். இருபது வருஷ ஞாயிறு வகுப்பில் சொல்லிக்கொள்ள எனக்கு இவள் ஒருத்தி. இவளையும் என் கையாலேயே இல்லை என்று எழுதவா? இது விசுவாசமா, வெறும் கஞ்சத்தனமா?

ஜூன் 9, திங்கள்

நாலு துளி மழை. காலையில் எழுதிவிட்டேன். ஒரு நிமிஷ வேலை. ஸ்கூல் விட்டபின் நானே கொண்டுபோனேன். குமாஸ்தா நிதானமாகப் படித்தார்.

"அழகா எழுதியிருக்கிய டீச்சரம்மா. மத்தியானமே ஆர்டர் போயாச்சு."

ஜூன் 10, செவ்வாய்

மைத்துனி வேலையில் சேர்ந்தாள். என் பள்ளியிலேயே. மூன்றாம் வகுப்பு. பட்டுப்புடவை. பெருக்கல் வாய்பாட்டில் தடுமாறுகிறாள். சாக்பீஸ் இரண்டு பெட்டி அவளோடு வந்தது.

ஜூன் 15, ஞாயிறு

ஆராதனை முடிந்து குருவானவர் கூப்பிட்டார். பாக்கியமும் அப்பாவும் நேற்று வந்து ஞானஸ்நானம் கேட்டார்களாம். அப்பா சொன்னாராம்: "வேதக்காரின்னு சொல்லி வேலையப் பறிச்சாச்சு. அப்படியே ஆக்கிருங்க சாமி, மிஷன் பள்ளிக்கூடத்திலயாவது சேத்துக்கிடுவாங்க."

எல்லாம் உங்கள் ஊழியத்தின் பலன் என்றார் குருவானவர். மூன்று பேர் கை குலுக்கினார்கள்.

மிஷன் பள்ளியில் இந்த வருஷம் ஆள் எடுக்கவில்லை. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தலையில் தண்ணீர் பட்டபின் ஒதுக்கிய வேலை எதற்கும் அவள் மனுப் போட முடியாது. அதுவும் தெரியும்.

பாக்கியம் வாசலில் காத்திருந்தாள். அடுத்த ஞாயிறு நாள் குறித்திருக்கிறது, என்ன பெயர் வைக்கலாம் டீச்சர் என்று கேட்டாள்.

வேதத்தில், தன் குலம் இன்னதென்று சொல்லாமல் அரண்மனைக்குள் போனவளின் பெயர் வாயில் வந்தது. எஸ்தர் என்றேன்.