தொப்பிக்காரனுக்குக் கண் திறந்த கதை

மொன்றியல், ஐப்பசி 2004

அன்புள்ள மனோகரி,

நீயும் நான் இன்னும் காணாத மகனும் சுகமா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை; கோபம் மட்டும்தான்.

நான் கோப்பை கழுவும் மெக்சிக்கோ உணவகத்தின் தெருவோரத்தில் பழைய தகர விளம்பரப் பலகை நிற்கிறது. அதில் பெரிய தொப்பிக்காரன் ஒருவன் கள்ளிச்செடியில் சாய்ந்து உறங்குவான். அதற்குப் புதுப் பெயின்ற் அடிக்கச் சொன்ன முதலாளி, "சோம்பேறி, உன்னைப் போலவே" என்று சிரித்தான். இரண்டு வேலை செய்கிறவனிடம் சொல்கிற பேச்சா இது?

கோயில் சிலைக்குச் செய்வதுபோல, கடைசியாகத் தூரிகையால் அந்தத் தொப்பிக்காரனுக்குக் கண் திறந்துவிட்டேன். முதலாளி அதை மூடச் சொல்லிக் கத்தினான்.

"திறந்த கண்ண மூட ஏலாது" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு வந்துவிட்டேன். யோசிக்காதே, மற்ற வேலை இருக்கிறது.

மிளகாய்த்தூள் அனுப்பு. மகனின் படமும் வேண்டும். வந்த படங்களிலெல்லாம் உறங்குகிறான். விழித்திருக்கும்போது ஒன்று எடு.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

உன் கிருஷாந்தன்