ஏடிஎம்மில் எடுத்த மீன்பிடி அனுமதி

மார்ச் 3, செதூபல், போர்ச்சுகல்
ஆறு வருடம் கழித்து ஃபாவுஸ்தோ கூப்பிட்டான். அப்பா போனதும் படகைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்ட தம்பி.
"சனிக்கிழமை கணவாய் மீன் பிடிக்கப் போறேன். நீயும் வாண்ணே."
என்னிடம் இருப்பது கரையில் நின்று தூண்டில் போடும் அனுமதி, படகில் செல்லாது என்றேன்.
"உன் வரி எண்ணைச் சொல்லு. ஏடிஎம்ல நானே படகு அனுமதி எடுத்துடறேன்." இங்கே மீன்பிடி அனுமதிச் சீட்டையும் ஏடிஎம்மே அச்சடித்துத் தரும்.
இத்தனை வருடம் கழித்து எதற்கு நான்?

மார்ச் 7
கடற்காவல் படகு வந்து உரசி நின்றது. ஃபாவுஸ்தோ சட்டைப் பையிலிருந்து என் சீட்டை எடுத்து நீட்டினான்.
"இது கரை அனுமதி ஆச்சே," என்றார் அதிகாரி. வழக்கு என் பேரில். இருபத்தாறு வருடம் பள்ளியில் ஒழுங்கு பேசியவன் பேரில்.
"வேணும்னே செஞ்சியாடா?"
"பொத்தான் மாறிடுச்சுண்ணே." என் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 9
பத்து நாளுக்குள் விளக்கம் கேட்கிறார்கள். தம்பி என்னை ஏமாற்றினான் என்று மூன்று பக்கம் எழுதிவிட்டேன். கப்பல் மாலுமிகளை ஏற்றி இறக்கும் துறைமுகப் படகை ஓட்டுகிறவன் அவன். இந்தக் கடிதம் போனால் அவன் வேலைக்கே விசாரணை வரும். வரட்டும்.

மார்ச் 12
தபாலில் போடவில்லை. மழை. மழைதானா காரணம்?

மார்ச் 13
தம்பி மனைவி பென்வீந்தா வந்தாள். உட்காரக்கூட இல்லை.
"அவருக்குக் கண் மங்கிப்போச்சு, எழுத்துத் தெரியலை மாமா. நாலு மாசமாச்சு. ஏடிஎம்ல மேலேருந்து எண்ணித்தான் அமுக்குவாரு. இப்ப வரிசையை மாத்திட்டாங்க."
"டாக்டர்கிட்டப் போகலையா?"
"போனா படகு ஓட்ட விடமாட்டாங்களே. படகுக்கு வழி காட்டுற மிதவையோட நிறம் சொல்ல ஆள் வேணும்னுதான் உங்களைக் கூப்பிட்டாரு. சொல்ல வாய் வரலை."
அன்று நாலைந்து தடவை கேட்டான் — அது சிவப்பா பச்சையா என்று. என்னைச் சீண்டுகிறான் என்று நினைத்து வாயே திறக்கவில்லை நான். பாவி... மோதியிருந்தா?

மார்ச் 14
மூன்று பக்கத்தையும் கிழித்தேன். தவறான பொத்தானை அமுக்கியது நானே என்று ஒரே வரி எழுதி, அவனுக்குப் படித்துக் காட்டி, அவன் வீட்டு மேஜையில் வைத்தேன்.
"இது போகணும்னா இன்னிக்கே லீவு சொல்லு. திங்கட்கிழமை கண் டாக்டர்."
"ரிட்டையர் ஆனாலும் நீ வாத்தியார்தான்," என்றான். லீவு சொல்லப் போனை எடுத்தான்.

ஏப்ரல் 18
அவனுக்கும் கரை அனுமதி எடுத்துக் கொடுத்தேன். பாறையில் நான் கோர்த்துக் கொடுத்த புழுவை விரலால் தடவிவிட்டு, "இதுக்குப் பேரு கோர்க்கிறதா?" என்று பிடுங்கித் தானே கோர்த்தான்.
அப்பாவின் படகுச் சாவி என் மேஜையில் இருக்கிறது. அவனாகக் கொடுத்தது. இன்னும் தொடவில்லை.