சாட்சியில் நான் விட்டுவிட்ட பாதி

இன்று காலை என் வீட்டுச் சுவரில் மைதாப் பசை வாசனை. எங்கள் சபைப் பிள்ளைகள் நாளை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குச் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றிச் சுற்றி உன் சட்டையில் ஊறிப்போன வாசனை அது. நீதான் வந்திருக்கிறாய் என்பதுபோல எழுந்து வெளியே போனேன்.

சுவரொட்டியில் விரலை வைத்து எழுத்துக்கூட்டி வாசித்தேன். மூன்றாவது வரியில் என் பெயர் இருந்தது. "தாத்தா பாஸாயிட்டாரு!" என்று பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. எழுபத்திரண்டு வயதில் சாயங்கால எழுத்தறிவு வகுப்புக்குப் போகிறேன் என்றால் நீ நம்பவா போகிறாய்? விருதுநகர் பஸ்ஸா, காரியாபட்டி பஸ்ஸா என்று இப்போது நான் யாரையும் கேட்பதில்லை. இந்தக் கடிதத்தையும் நானேதான் எழுதுகிறேன். நாலு வரிக்கு ஒரு தடவை விரலை நீவிக்கொள்கிறேன்.

என் பெயருக்குக் கீழே, "ஞாயிறை மதித்தவரைக் கர்த்தர் காத்த சாட்சி" என்று போட்டிருந்தது. அதை வாசித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

கர்த்தர் தனக்குச் செய்ததைச் சபை நடுவில் எழுந்து சொல்வதைத்தான் நாங்கள் சாட்சி என்போம். நான் சொல்வது எப்போதும் ஒன்றுதான். பட்டாசுக் கம்பெனியில் தீபாவளி சீசன். ஞாயிற்றுக்கிழமையும் வேலை என்றார்கள். நான் வேலைக்குப் போகாமல் ஆராதனைக்குப் போனேன். நான் வேலை பார்த்த வெடிமருந்து அறை அன்று வெடித்தது. கர்த்தர் என்னைக் காத்தார். சபை முழுக்க அல்லேலூயா சொல்லும்.

அதில் பொய் எதுவும் இல்லை. முந்தின நாள் சாயங்காலத்தை மட்டும் விட்டுவிடுவேன். வரவில்லை என்றால் பதில் ஆள் அனுப்பு, இல்லாவிட்டால் திங்கட்கிழமை வராதே என்று போர்மேன் சொல்லிவிட்டான். நான் நேரே உன்னிடம் வந்தேன். "நாளைக்கு என் எடத்துல நீ போறியாலே?" என்று கேட்டேன். உன் வேலை குழாய் சுற்றுவது. மருந்து அறையில் உனக்கு ஒரு சோலியும் கிடையாது.

ஒரு வருஷம் அசனப் பண்டிகைக்கு ஊரே சாப்பிட வந்திருந்தது. உன் மனைவியும் வந்தாள். என் சாட்சியைக் கேட்டுவிட்டு, சாப்பிட்ட இலையைப் போடப் போகும் வழியில் என் பக்கத்தில் நின்றாள். "நல்லாச் சொன்னீகண்ணே. எங்க வீட்டுக்காரரு போனன்னிக்கு மட்டும் உங்க சாமிக்கு லீவாக்கும்?" அடுத்த வருஷமும் அதே சாட்சியைத்தான் சொன்னேன்.

கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஏதாவது ஒரு கம்பெனி வெடிக்காத சீசனே இல்லை. இப்போது செய்தித்தாளை நானே வாசிக்கிறேன். செத்தவர்கள் பெயரை மற்றவர்கள் ஒரே பார்வையில் தாண்டிப் போகிறார்கள். எழுத்துக்கூட்டி வாசிப்பவனால் யாரையும் தாண்ட முடியாது. எங்கள் ஆட்கள் உடனே இது கடைசிக் காலம் என்று போனில் அனுப்பிவிட்டு, அடுத்ததாகக் கல்யாணப் படம் அனுப்புகிறார்கள். நான் மாறிவிட்டேன் என்று நினைக்காதே. நான் பழைய ஆள்தான். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு போகிற பிள்ளைகளை இன்றைக்கும் திட்டுகிறேன். சாராயக் கடையும் ஆகாது, ஆராதனை நேரத்தில் கல்யாணம் வைப்பதும் ஆகாது எனக்கு.

ஆனால் போன மாதம் ஓய்வுநாள் கட்டளையை முதல் தடவையாக நானே வாசித்தேன். அதுவரை காதால் கேட்டதெல்லாம் முதல் வரிதான். அந்தக் கட்டளை என்னோடு நிற்கவில்லை. என் வேலையாளுக்கும், மாட்டுக்கும், என் வாசலுக்குள் இருக்கிற வேற்றாளுக்கும் அன்று ஓய்வு என்று கீழே போய்க்கொண்டே இருந்தது. என் விரல் அந்த வேற்றாள் மேல் வந்து நின்றுவிட்டது. ஓய்வுநாளைக் காத்தேன் என்று இத்தனை வருஷம் சொன்னேன். அதை நான் உடைத்துத்தான் இருக்கிறேன், உன் கையைக்கொண்டு.

சுவரொட்டியைப் பார்த்த கையோடு போதகரிடம் போனேன். "ஐயா, நாளைக்கு முழுசாச் சொல்லிரட்டுமா?" என்று கேட்டு, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். "முன் பெஞ்சுல பட்டாசுக் கம்பெனி முதலாளி இருப்பாரு பெரியவரே. இந்த சீசன்ல அவரு கம்பெனி ஞாயித்துக்கிழமையும் ஓடுது. ஆனா நம்ம சபைக்காரவுகளுக்கு லீவு குடுத்திருக்காருல்ல?"

"மத்தவுகளுக்கு?"

"நீங்க பழைய மாதிரியே சொல்லுங்க. பிள்ளைக திருந்தும்" என்றார்.

மதியம் உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். நெடியில் எனக்குத் தும்மல் வந்தது. தும்மிக்கொண்டே சொன்னேன், அன்று உன்னை அனுப்பியது நான்தான் என்று.

அவள் கை நிற்கவில்லை. "தெரியும்ணே. எங்கிட்ட சொல்லிட்டுத்தான போனாரு."

"ஏம்மா இத்தன வருஷமா ஒரு வார்த்த கேக்கல?"

"நீங்களாச் சொல்லுவீகன்னு பாத்தேன். நீங்க சாமி கதையில்ல சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீக." கிள்ளிய காம்பைத் தட்டினாள். "இப்ப எங்கிட்ட சொல்லி என்னத்துக்கு? என் மக நாளைக்கும் உங்க முதலாளி கம்பெனிக்குத்தான் போறா. மருந்து ரூமுக்கு. சொல்ற எடத்துல சொல்லுங்க. தண்ணி குடிக்கீகளா?"

குடித்துவிட்டு வந்தேன். அவளிடமும் சொல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை யாரிடம் இறக்கி வைப்பது? நீ சம்மதித்த அன்று சிரித்துக்கொண்டே சொன்னாய்: "போறேன்லே. கும்பிடையில எனக்கும் ஒரு நா லீவு கேளு உங்க சாமிகிட்ட." கேட்கிறேன் என்றேன். மறுநாள் முழங்காலில் நின்று மழைக்குக் கேட்டேன். என் மகள் பிரசவத்துக்குக் கேட்டேன். உனக்குக் கேட்க மறந்துவிட்டேன். ஆமென் சொல்லி எழுந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

நாளைக்கு உன் மகளுக்காக அந்த லீவைக் கேட்பேன். இந்தத் தடவை கண்ணை மூடாமல், முன் பெஞ்சைப் பார்த்துக் கேட்பேன்.