அனந்தகிருஷ்ணன் சாரின் கிராம்பு

அன்புள்ள வீட்டம்மாவுக்கு,

பள்ளிக்கரணையில் உன் அக்கா வீட்டிலிருந்து எப்போது திரும்புவாய் என்று கேட்கப்போவதில்லை. ஒரு நல்ல செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன்.

கேம்ப் ரோடு பல் டாக்டரிடம் போனேன். என் கீழ்வரிசைப் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதால் இடுக்குகளில் பிரஷ் நுழைவதே இல்லையாம். அங்கே தங்கிய அழுக்கு கல்லாக இறுகி, ஈறு வீங்கி ரத்தம் கசிந்திருக்கிறது. "வாயில வாடை வருதுன்னு வீட்ல யாரும் சொல்லலையா சார்? இன்னும் விட்டிருந்தா பல்லெல்லாம் ஆட ஆரம்பிச்சிருக்கும்" என்றார். நீ சொன்னதையும் நான் கத்தினதையும் அவரிடம் சொல்லவில்லை.

ஸ்டாஃப் ரூமில் அனந்தகிருஷ்ணன் சார் என்னிடம் பேச வந்தாலே ஒரு கிராம்பு நீட்டுவார், ஞாபகம் இருக்கா? பாசம் என்று உன்னிடம் பெருமையடித்தேனே! எல்லோரும் நாசூக்காக ஒதுங்கியபோது நீ ஒருத்திதான் முகத்துக்கு நேரே சொன்னாய். ரொம்ப தேங்க்ஸ்டி.

ஈறைச் சுத்தம் செய்தாயிற்று. ஆறியதும் பல்லுக்குக் கிளிப் போடுவார்கள், ஐம்பது வயதில்! கிளாஸ் பசங்க சிரிக்கட்டும்.

நேற்று அனந்தகிருஷ்ணன் சார் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினார். கிராம்பு டப்பாவைத் திறக்கவே இல்லை. அதை முதலில் உன்னிடம்தான் சொல்லவேண்டும் என்று வீட்டுக்கு ஓடி வந்தேன். காலையில் நான் போட்ட பூட்டு அப்படியே தொங்கியது.

உன் வீட்டுக்காரன்