மூத்தவன் கட்டும்வரை

ஆகஸ்ட் 6, செவ்வாய்

தம்பி ஒபியெரோ நகூருவிலிருந்து போன் செய்தான். வெள்ளிக்கிழமை மனைவி அகோத்தையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இங்கே கிசுமு வருகிறானாம், ஞாயிறு வரை இருப்பானாம். எனக்குச் சந்தோஷம்தான். போனை வைத்ததும் கூடவே ஒரு கலக்கம் — கேட்பானோ?

கேட்டால் என்ன தப்பு? எங்கள் ஆட்களில் மூத்தவன் ஊரில் வீடு எழுப்பாமல் இளையவன் எழுப்பக் கூடாது. கல்யாணமான நாளிலிருந்து, பன்னிரண்டு வருடமாக, எனக்காகக் காத்திருக்கிறான். இதுவரை இரண்டு முறை கேட்டிருக்கிறான். இரண்டு முறையும் 'அடுத்த வருஷம்' என்றேன்.

நான் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. கட்டட அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவன் நான். எங்கள் ஊர் செமேயில் நிற்கிற வீடுகளில் பாதி என் பென்சிலில் பிறந்தவை. என் வீட்டுக்கு மட்டும் ஆறு வரைபடம் போட்டுக் கிழித்தாயிற்று. ஏழாவது இப்போது மேசையில் இருக்கிறது. நாலு படுக்கையறை, ஓட்டுக் கூரை, முன்பக்கம் வளைவு. மூத்தவன் வீடு மூத்தவன் வீடு மாதிரி இருக்க வேண்டாமா?

ஆகஸ்ட் 8, வியாழன்

பதில் தயார்: 'ஓடு கைக்கு வந்ததும் ஆரம்பிச்சுடறேன்.'

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஆறு மணிக்கு வந்தார்கள். காரிலிருந்து உருளைக்கிழங்கு மூட்டை, முட்டைக்கோஸ், கேரட், ஒரு உயிர்க்கோழி, எல்லாம் இறங்கின. கிசுமுவில் பஞ்சம் என்று யார் சொன்னார்களோ. பெரியவன் லெவிஸ் என் தோளுக்கு வந்துவிட்டான். சின்னவள் ஹேசலுக்கு ஆறு வயது. வந்த வேகத்தில் என் மகன் ஒடேராவின் சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டாள்.

ஒபியெரோ உள்ளே நுழைந்ததும் என் வயிற்றைத் தட்டினான்.

"அண்ணே, எத்தனை மாசம்?"

"உன் தலைல இருந்த முடியெல்லாம் எங்கடா?"

என் மனைவி அவுவோர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் இப்படிச் சிரித்து வெகுநாளாயிற்று. இந்த வாடகை வீடு இரண்டு அறைதான். பிள்ளைகள் மூன்று பேரும் ஒரே மெத்தையில் குறுக்காகப் படுத்தார்கள்.

இன்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் 10, சனி

நல்ல நாள். எழுதி வைக்க வேண்டிய நாள்.

காலையிலேயே நானும் ஒபியெரோவும் ஏரிக்கரைக்குப் போய்த் திலாப்பியா மீன் வாங்கினோம். செவுளைத் தூக்கிப் பார்த்து, கண்ணை அமுக்கிப் பார்த்து, அரை மணி நேரம் பேரம். மீன்காரி கடைசியில் கையெடுத்துக் கும்பிடாத குறை. "அண்ணன் தம்பி ரெண்டு பேரும் சேர்ந்து வந்தா இனிமே நான் கடையைச் சாத்திடுவேன்" என்றாள்.

அவுவோர் பொரித்தாள், அகோத் சோள மாவில் உகாலி கிண்டினாள். லெவிஸ் முள்ளைக் கண்டு திணறினான். விட்டாளா அவுவோர்?

"ஏரிக்கரைப் பேரன் மீன் முள்ளுக்குப் பயப்படுறானே! நகூருவுல உனக்கு முள்ளே இல்லாத மீன்தான் கிடைக்குதா?"

"அங்க பெட்டியில வரும் பெரியம்மா. சதுரமா இருக்கும்."

நாங்கள் எல்லாரும் சாப்பாட்டை மறந்து சிரித்தோம். பிறகு ஒபியெரோ, நான் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியரின் வீட்டைப் பெரிதாகப் படம் வரைந்து அதற்குள் கழுதையைக் கட்டிவைத்த கதையைச் சொன்னான். கதையில் கழுதை கிடையாது, ஆடுதான். ஒவ்வொரு முறையும் மிருகம் வளர்கிறது. மாலையில் ரேடியோவில் பெங்கா பாட்டு. அவனும் அவுவோரும் ஆட, அகோத் தட்டில் தாளம் போட்டாள். எனக்கு ஆடத் தெரியாது. இழுத்துவிட்டார்கள், ஆடினேன்.

இடையில் அகோத் மேசைப் பக்கம் போனாள். ஏழாவது வரைபடத்தை வெகுநேரம் பார்த்தாள். "இது எது அத்தான்?" என்று விரல் வைத்தாள். விருந்தாளி அறை என்றேன். "நல்லாருக்கு" என்று திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

இன்றும் கேட்கவில்லை. நானே ஒரு முறை 'ஓட்டு விலை...' என்று ஆரம்பித்தேன். அவன் பந்தாட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டான்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

சர்ச் முடிந்து எல்லோரும் செமே போனோம். அகோலா சித்தப்பா வீட்டில் விருந்து. நகூருக் கோழி அங்கேதான் குழம்பானது. சொந்தக்காரர்கள் முப்பது பேராவது வந்திருப்பார்கள். ஹேசலை மடிக்கு மடி மாற்றிக் கொஞ்சினார்கள்.

மூன்று மணிக்கே கிளம்பும் பேச்சு எழுந்தது. எப்போதும் அப்படித்தான். அப்பா அம்மா போன பிறகு அவர்கள் வீடு பூட்டித்தான் கிடக்கிறது. திறந்தாலும் எங்கள் வழக்கப்படி கல்யாணமான மகன் அந்தக் கூரையின் கீழ் படுக்க முடியாது. எனக்கோ அவனுக்கோ அங்கே வேறு கூரை இல்லை. சொந்த ஊரில் எங்களுக்கு இரவு என்று ஒன்று கிடையாது. ஹேசல் சித்தப்பா பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வர மாட்டேன் என்று அழுதாள். "நாம மட்டும் ஏன் எப்பவும் போயிடறோம்?" அகோத் அவளைத் தூக்கிக் காரில் வைத்தாள்.

அப்போதுதான் ஒபியெரோ என்னைத் தனியே அழைத்தான். அப்பாவின் வேலியோரமாக நடந்தோம். பதிலை மனதில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். நகூருவுல மனை வாங்கிட்டேன். டிசம்பர்ல அஸ்திவாரம் போடறேன்."

"இங்க?"

"இங்க நீங்க கட்டுங்க. நிதானமா கட்டுங்க. இனிமே என்னால உங்களுக்குத் தொந்தரவு இல்ல."

குத்தலாகச் சொல்லவில்லை. முதுகில் தட்டிவிட்டுச் சொன்னான். குத்தலாகச் சொல்லியிருக்கலாம்.

ஆகஸ்ட் 12, திங்கள்

அலுவலகம் போனேன். ஒரு கோடு நேராக விழவில்லை.

தொந்தரவு இல்லையாம். யார்டா உன்னைத் தொந்தரவுன்னு சொன்னது? நான் சொன்னேனா? — சொல்லாமல்தானே பன்னிரண்டு வருஷம் சொன்னேன். பதில் தயார் பண்ணி வெச்சிருந்தியே ஒகுட்டு, யாருக்குச் சொல்லப் போறே இப்ப?

அவன் பிள்ளைகள் நகூருக்காரர்கள் ஆகிவிடுவார்கள். வருடத்துக்கு ஒரு சாவுக்கு வருவார்கள், மூன்று மணிக்குக் கிளம்புவார்கள். அவனுக்கே ஏதாவது ஆனால், ஊரில் வீடில்லாதவனை எங்கே கொண்டு வந்து கிடத்துவது? வழியை அடைத்து நின்றவன் நான்.

அவுவோரிடம் சொன்னேன். அவளுக்கு வெள்ளிக்கிழமையே தெரியுமாம், அகோத் சொன்னாளாம். "ஏண்டி எங்கிட்ட சொல்லல?" என்றேன். அவள் அமைதியாகச் சொன்னாள்: "ஒடேரா அப்பா, பதினாலு வருஷமா நான் காகிதத்துலதான் குடியிருக்கேன். அதை நான் யார்கிட்ட சொன்னேன்?"

ஆகஸ்ட் 15, வியாழன்

ஒபியெரோவுக்குப் போன் போட்டேன். அஸ்திவாரத்தை நிறுத்தச் சொன்னேன்.

"நிறுத்தறேண்ணே. நீங்க எப்ப கட்டுவீங்க?"

வாயில் 'ஓடு' வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன். "முப்பத்தொண்ணாம் தேதி, சனிக்கிழமை" என்றேன். எங்கிருந்து வந்தது அந்தத் தேதி என்று எனக்கே தெரியாது.

"சரிண்ணே" என்றான். சிரிக்கவில்லை. நம்பவில்லை என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 17, சனி

அகோலா சித்தப்பாவைப் பார்த்தேன். இரண்டு அறை, மண் சுவர், தகரக் கூரை என்றேன். "ஒரு நாள்ல எழும்புற வீடுதானடா முதல் வீடு? உன்னை மாளிகை கட்டச் சொன்னது யாரு?" என்று கேட்டார். யாருமில்லை. தச்சன் வரைபடம் கேட்டான். குச்சியால் தரையில் கிழித்துக் காட்டினேன். எனக்கே வெட்கமாக இருந்தது. கொஞ்சம் சிரிப்பும் வந்தது.

ஆகஸ்ட் 31, சனி

கை முழுக்கக் கொப்புளம், கோணலாக எழுதுகிறேன்.

விடிந்ததும் கிளம்பினோம். அப்பா இருந்தால் அவர் முன்னால் நடந்திருப்பார். அவர் இடத்தில் சித்தப்பா. புது வீட்டுக்கு எங்கள் சடங்குப்படி என் கையில் கோடரி, ஒடேரா கையில் சேவல், அவுவோர் கையில் நெருப்பு. அப்பாவின் வேலிக்கு வெளியே, சரிவில், சித்தப்பா இடத்தைக் காட்டினார். முதல் கம்பை நட்டேன். ஒடேராவின் கையை விட்டு ஓடிய சேவலைப் பிடிக்க ஊரே ஓடியது.

பெண்கள் தண்ணீர் சுமந்தார்கள், ஆண்கள் மண் மிதித்தார்கள். பத்து மணிக்கு நகூரு கார் வந்து நின்றது. நான் கூப்பிடவில்லை, தேதிதான் சொல்லியிருந்தேன். ஒபியெரோ இறங்கினான். நட்டு நிற்கிற கம்புகளை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. சட்டையைக் கழற்றிக் காரில் போட்டுவிட்டுக் கூரைச் சட்டம் அடிக்க மேலே ஏறிவிட்டான்.

மத்தியானம் மேலிருந்து கத்தினான்: "அண்ணே! இது கோணலா இருக்கு! வரைபடக்காரன் வீடா இது?"

"ஆணியை அடிடா, பேச்சைக் குறை!"

"விருந்தாளி ரூம் எந்தப் பக்கம்?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் மண் மிதிக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

சாயங்காலத்துக்குள் கூரை முடிந்தது. அவன் கிளம்ப வேண்டியிருந்தது, நான் கிளம்ப வேண்டியதில்லை. அவன் காரில் ஏறும்போதுதான் இது உறைத்தது.

செப்டம்பர் 4, புதன்

புது வீட்டில் தொடர்ந்து படுக்க வேண்டும் என்று சித்தப்பா சொன்ன நாலு இரவும் முடிந்தது. தகரம் பகலில் சுடுகிறது, இரவில் படபடக்கிறது. அவுவோர் முற்றத்தில் கீரை விதைத்துவிட்டாள். கிசுமு திரும்ப அவளுக்கு மனசே இல்லை.

டிசம்பர் 21, சனி

ஒபியெரோவின் வீடு போன வாரம் எழும்பியது. என் வேலியிலிருந்து கூப்பிடு தூரம். அவன் சேவலை லெவிஸ் கெட்டியாகப் பிடித்திருந்தான். நகூரு மனையில் ஒரு கல்கூட விழவில்லை. அது பாட்டுக்குக் கிடக்கட்டும் என்கிறான்.

நேற்றே குடும்பத்தோடு வந்துவிட்டார்களாம். என்னிடம் வந்து தலைகூடக் காட்டவில்லை. காலையில் போன் செய்தால், "வீட்டு வேலை தலைக்கு மேல இருக்குண்ணே. நீங்க வாங்களேன்" என்கிறான். கொஞ்சம் கோபம்தான். சட்டை மாற்றிக்கொண்டு, சர்க்கரைப் பொட்டலம் ஒன்று வாங்கிக்கொண்டு, அவுவோருடன் போனேன்.

வாசலில் நின்றேன். உள்ளே கூப்பிடும்வரை நின்றேன். இத்தனை வருடத்தில் ஊரில் தம்பி வீட்டு வாசல் என்ற ஒன்றில் நான் நின்றதே இல்லை.

"வாங்கண்ணே, உள்ள வாங்க" என்றான். முகம் பூராவும் பெருமை. நாற்காலி இன்னும் வரவில்லை. ஒரு வாளியைக் கவிழ்த்து, துணியால் துடைத்து, எனக்குப் போட்டான். ஹேசல் கையில் தண்ணீர் ஊற்றினாள். அகோத் மீன் வைத்தாள். "எங்க வீட்ல கூச்சப்படாம சாப்பிடுங்க அத்தான்" என்றாள்.

இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.