ஏழாவது சட்டி

குமாசி, ஞாயிறு

அடோமா மகளே,

சித்தி வீட்டுக்குப் போன பிறகு கை வீக்கம் வற்றியதா?

பரீட்சைக்கு நீ வனைந்து சுட்டுவைத்த ஏழு சட்டிகளில் ஆறை, ஃபுஃபுவுக்குக் கிழங்கு இடிக்கும் உலக்கையால் உடைத்தது நான்தான். "நர்ஸுக்குப் படிக்கச் சொன்னா சேத்தப் பிசைஞ்சிட்டு வர்றியா?" என்று கத்தினேன். ஏழாவதை நீ மார்போடு அணைத்துக்கொண்டாய். உலக்கை நிற்கவில்லை.

நேற்று உன் மண்பாண்ட வாத்தியார் வந்தார்.

"ஐயா, வலது கை ஒடிஞ்சிருக்கே, இனி பரீட்சைக்கு அவ எப்படி வனைவா?"

நீ வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னேன்.

நான் தினமும் சாப்பிடும், உள்ளே வரி கீறிய மண்சட்டியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்த உன் அம்மா, அதைத் தூக்கி என் காலடியில் போட்டு உடைத்தாள்.

"இதுவும் வழுக்கித்தான் விழுந்துச்சு," என்றாள்.

யார் கேட்டாலும் நீயும் விழுந்ததாகவே சொல்லம்மா.

உன் அப்பா